கயிற்று வீடு

துறைமுகத்தடியில் இருக்கும் எங்கள் கடையில் வலைக்கயிறு வாங்க வந்த அந்தப் பெண் ஓர் ஓவியர். இடம்பெயர்ந்த சனங்கள் இழந்துவிட்ட வீடுகளை, அவர்கள் சொல்லச் சொல்ல, கடற்கரை மணலில் கயிற்றால் அதே அளவில் கீறுவார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கழுத்து. கயிற்றை ஒருபோதும் தாண்டமாட்டார். சுற்றிப் போய், வாசலுக்கென்று விட்ட இடைவெளியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேன்: “உங்கட வீட்டை எப்ப கீறப்போறீங்கள்?”

“அது ஏலாது அண்ணை. ஊரை விட்டு வெளிக்கிடேக்க நான் கைக்குழந்தை. அம்மாட்டைக் கேட்டால், ஒவ்வொருக்கா ஒவ்வொரு பக்கம் வாசல் எண்டு சொல்லுவா. இப்ப அவவும் இல்லை.”

கயிற்று வீடுகளைக் காட்சிக்கு வைத்திருந்த கடைசி நாள் பின்னேரம் கயிறுகளைச் சுருட்டிக் கட்டியாயிற்று. பார்க்க வந்த சனமும் போய்விட்டது. வெறும் மணலில் அவர் மட்டும் கடலைப் பார்த்தபடி இருந்தார். கதைக்கலாம் என்று போன நான் பாதி வழியில் நின்றுவிட்டேன். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி, வாசலில் விடுவதுபோல, தன் செருப்பு இரண்டையும் சேர்த்துக் கழற்றி வைத்திருந்தார்.

நானும் என் செருப்பைக் கழற்றினேன். ஆனால் கூப்பிடாத வீட்டுக்குள் எப்படிப் போவது? திரும்பி வந்துவிட்டேன்.