நாலாவது மாப்பொட்டு

ஜின் பிடித்தது, கண்ணூறு பட்டது என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான், அதனால் நீங்கள் இதைக் கேட்டுச் சிரித்தாலும் கோபிக்க மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

வெளிநாட்டில் நுணுக்குக்காட்டி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். உடம்பின் ஒரு கலத்துக்குச் சாயம் ஏற்றினால் உள்ளே புள்ளி புள்ளியாக மாறி மாறி மின்னும், அதை ஆயிரக்கணக்கில் படமெடுத்து ஒன்றாக்கினால் சாதாரண வில்லைக்கு அகப்படாத மெல்லிய நூல்கள்கூடத் தெரியும், ஆனால் வெகுநேரம் எடுக்கும். கொஞ்சப் படங்களை வைத்தே அதே தெளிவைக் கொண்டுவர ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அது சரிவந்தால் கலாநிதிப் பட்டம், பிழைத்தால் நாலு வருடமும் வீண்.

லீவில் ஊருக்கு, எத்தாளை வீட்டுக்கு வந்திருந்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு புரோகிராம் தந்த படத்தைத் திரை முழுக்கப் போட்டுப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருக்க, பெண்சாதி பஸ்மினா ரொட்டிக்கு மாக் குழைத்த கையோடு பின்னால் வந்து நின்றாள். என் வேலையில் அவளுக்கு ஒரு மண்ணும் விளங்காது, அதை அவளே சொல்லிச் சிரிப்பாள்.

"இங்க பாருங்க, நூல் அறுந்து கிடக்கு. இதுல வந்து சேரணும். இதுலயும், இதுலயும்." பிறகு கீழே, ஒன்றுமே இல்லாத ஓரிடத்திலும் விரலை வைத்தாள். நாலு மாப்பொட்டு.

"திரையத் தொடாத புள்ள! அதுக்குள்ள போய்ப் பாத்தியா நீ?"

"எனக்கென்னமோ தெரியுது. அனுப்பிராதீங்க."

ஏசினேன், ஆனாலும் மனம் கேட்காமல் பேராசிரியருக்கு அனுப்ப இருந்த அறிக்கையை நிறுத்திவைத்தேன். மூன்றாம் நாள், எல்லாப் படங்களையும் சேர்த்து மெதுவாகச் செய்த படம் ஆய்வுகூடத்திலிருந்து வந்தது. அதே திரையில் திறந்தேன், வல்லாஹி, துடைக்காமல் காய்ந்து கிடந்த முதல் மூன்று பொட்டுக்கும் நேர் அடியில் நூல் ஓடியது. அனுப்பியிருந்தால் மானம் போயிருக்கும். சந்தோஷத்தில் அவள் கன்னத்தைக் கிள்ளினேன், கிள்ளிய கையோடு ஒன்று ஞாபகம் வந்து பதிவைத் தேடினேன். அந்தக் கலம், அதற்கு முந்திய லீவில் அவள் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி நான் கொண்டுபோனது. கண்ணாடித் தகட்டில் இலக்கம் மட்டும்தான் இருந்தது, எனக்கே மறந்துபோயிருந்தது.

"நாலாவதுல ஒண்டையும் காணல்லையே?" என்று கேலி செய்தேன்.

"அது இன்னும் வரல்ல," என்றாள், ரொட்டியைத் திருப்பியபடி.

செத்துக் காய்ந்த கலத்தில் இனி என்ன வரப்போகிறது? லீவு முடிந்து திரும்பிப் போய், புரோகிராமைத் திருத்திப் பட்டமும் வாங்கிவிட்டேன். போன மாதம் வேறொரு தேவைக்கு அதே தகட்டை மறுபடி படமெடுத்தோம். நாலாவது இடத்தில் ஒரு நூல்.

யாருக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு டெலிபோன் கோல் எடுத்தேன், நான் ஸலாம் சொல்லி முடிக்கவில்லை, பஸ்மினா கேட்டாள்.

"அது வந்திட்டுதா?"