வேலைக்கில்லை, சுற்றிப் பார்க்க

ஜெயராணி மறுபடியும் சைப்ரஸ் போகப்போகிறாள் என்று கண்டி ஹந்தானை வீதியில் தெரியவந்தபோது எல்லோரும் அதை ஒரே மாதிரித்தான் புரிந்துகொண்டார்கள். இடியப்ப வியாபாரம் படுத்திருக்கும், இல்லாவிட்டால் மகளுக்கு ஏதோ கஷ்டம். ஐம்பது தாண்டிய பெண் வெளிநாடு போக வேறு என்ன காரணம் இருக்கிறது? பக்கத்து வீட்டுக்காரி, தன் தங்கைக்கும் அங்கே வேலைக்கு ஒரு வீடு பார்த்துத் தரச் சொல்லி வந்து நின்றாள்.

"வேலைக்குப் போகலம்மா," என்றாள் ஜெயராணி. "சும்மா போறேன். சுத்திப் பாக்க."

வந்தவள் சிரித்தாள். சொல்ல விருப்பமில்லாவிட்டால் ஏஜென்சியின் பெயரையாவது சொல்லும்படி கேட்டுவிட்டுப் போனாள்.

ஜெயராணி பிறந்தது ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். பள்ளிக்கூடத்தை விட்டதும் கொழுந்து பறிக்கப் பேர் பதிந்தாள். அதே தோட்டத்து இராமகிருஷ்ணனைக் கலியாணம் செய்தாள். தோட்டத்து வரிசை வீடான லயத்தில், ஒரே அறைக் காம்பராவில் மாமனார், மாமியாரோடு குடித்தனம். மகள் நிஷாந்தினி மூன்றாம் வகுப்பில் படித்த வருடம், கண்டியில் ஓர் ஏஜென்சிக்காரர் மூலம் சைப்ரஸுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்படி ஒரு நாடு இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

போய்ச் சேர்ந்த ஊர் லார்னக்கா. கடலை ஒட்டிய நகரம். மரூலா என்ற வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மரூலாவுக்கு இடது கால் வராது. குளிப்பாட்டுவது, சமைப்பது, சக்கர நாற்காலியில் வைத்துக் கடற்கரை நடைபாதையில் தள்ளிக்கொண்டு போவது. அந்த நடைபாதை நெடுகப் பனை மாதிரியான மரங்கள் நிற்கும். ஒரு பக்கம் காப்பிக் கடைகள், மறுபக்கம் மணல், மணலுக்கு அப்பால் நீலமாகக் கடல். கடைசியில் பழைய கோட்டை ஒன்று. வெள்ளைக்காரர்கள் மணலில் துண்டு விரித்துப் படுத்திருப்பார்கள். மரூலா நல்லவள்தான். ஆனால் வெயிலில் அதிக நேரம் இருக்கமாட்டாள், கண் கூசும். நாற்காலியைத் திருப்பச் சொல்லிவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயராணிக்கு லீவு. அன்றைக்கு அவளும் அதே தெருவில் வேலை பார்த்த றம்லத்தும் சந்திப்பார்கள். றம்லத் கண்டிக்குப் பக்கத்து அலவத்துகொடைக்காரி, முஸ்லிம். கண்டியில் இருந்திருந்தால் இருவரும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகூடப் பேசியிருக்கமாட்டார்கள். அங்கே ஒருத்திக்கு மற்றவளை விட்டால் வேறு ஆள் இல்லை. ஊருக்கு ஃபோன் பேசுவார்கள், பார்சல் கட்டுவார்கள், வாரம் முழுக்க வேலை செய்த களைப்புக்கு ஒரு மர நிழலில் சாய்ந்து கிடப்பார்கள். கடல் எதிரே இருந்தது. அதில் இறங்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றியதே இல்லை. அது சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கானது.

ஏழு வருடம் கழித்து ஜெயராணி திரும்பி வந்தாள். தோட்டத்துக்குப் போகாமல் ஹந்தானை வீதியில் ஒரு துண்டு நிலம் வாங்கி, சின்னதாக வீடு கட்டி, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினாள். பிறகு மேலே இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களும் கேட்டன. இப்போது உதவிக்கு மூன்று பெண்கள் இருக்கிறார்கள். இராமகிருஷ்ணன் ஓட்டோவில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நிஷாந்தினி படித்து ஆசிரியையாகி, கலியாணமாகிக் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறாள்.

மறுபடி சைப்ரஸ் போகும் எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் நடந்த பேச்சு. இராமகிருஷ்ணனுக்குக் காய்ச்சல் என்று அன்றைக்கு அவளே இடியப்பம் கொண்டுபோயிருந்தாள். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த பார்பரா என்ற வயதான பெண், முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவள், இதைச் செய்தது யார் என்று கேட்டாள். ஜெயராணி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் சொன்னாள். பேச்சு வளர்ந்தது. பார்பரா பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவிப் பென்ஷன் எடுத்தவள். புருஷன் இல்லை. வருடத்துக்கு ஒரு நாடு என்று தனியாகச் சுற்றுகிறாள்.

ஜெயராணிக்கு நம்ப முடியவில்லை. பாத்திரம் கழுவியவளா?

"நீ லீவுக்கு எங்கே போவாய்?" என்று பார்பரா கேட்டாள்.

கதிர்காமம் போவோம் என்றாள் ஜெயராணி.

"அது சாமி கும்பிட. லீவுக்கு?"

ஜெயராணி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அன்று மத்தியானமே, தானும் ஊர் திரும்பியிருந்த றம்லத்துக்கு ஃபோன் எடுத்து, லீவுக்கு லார்னக்கா போவோமா என்று கேட்டாள்.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சீக்கா?" என்றாள் றம்லத். பிறகு, "அங்க அந்த உப்புக் குளத்துக்குப் பக்கத்தில ஒரு பள்ளிவாசல் ஈக்குதே, அங்க போகவே கிடைக்கல்ல," என்றாள்.

லார்னக்காவுக்கு வெளியே அந்தப் பள்ளிவாசல் இருக்கிறது. நபியவர்களின் உறவுக்காரப் பெண் உம்மு ஹராம் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்கள். விமானம் இறங்கும்போது அதன் மினாரா கோபுரம் தெரியும். அவ்வளவு வருடத்தில் றம்லத் அதை மேலிருந்து பார்த்ததோடு சரி.

றம்லத்தின் அண்ணன் அம்ஜத் நானா சம்மதிக்கவில்லை. ஆம்பிளைத் துணை இல்லாமல் ஊர் சுற்றுவதா என்று கேட்டார்.

"வேலைக்குப் போற நேரம் தனியத்தானே அனுப்பின நீங்க," என்றாள் றம்லத். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கண்டி டவுனில் ஒரு பயண முகவர் கடையில் வேலை செய்த மின்ஹா என்ற பிள்ளை அவர்களுக்கு விசா வேலைகளைப் பார்த்துக் கொடுத்தாள். முதல் தடவை ஜெயராணி மட்டும் விண்ணப்பித்தாள். கொழும்பில் விசா அலுவலகத்தில் இருந்த அதிகாரி, எதற்காக அங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

ஜெயராணி உள்ளதைச் சொன்னாள். "ஏழு வருஷம் அங்கேதாங்க இருந்தேன். கடல்ல கால் வைக்கல. அதுக்குத்தான்."

விசா கிடைக்கவில்லை.

மின்ஹா அந்தப் பதிலைக் கேட்டுத் தலையில் கை வைத்தாள். "அன்டி, நீங்க செல்றது உண்மைதான். ஆனா திரும்ப வேலைக்குப் போற ஆள் செல்ற கதை மாதிரித்தானே ஈக்கு. மத்த ஆக்கள் என்னத்துக்குப் போறாங்களோ அதச் செல்லுங்க."

"மத்தவங்க எதுக்குப் போறாங்க?"

மின்ஹா கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். வருடம் முழுக்க வெயில். சுத்தமான கடற்கரை. ரோமர் காலத்துக் கட்டடங்கள், பழைய தேவாலயங்கள், கோட்டைகள். நல்ல சாப்பாடு. உப்புக் குளத்தில் இளஞ்சிவப்புப் பூநாரைகள்.

"வெயிலுக்கா போறாங்க?" என்றாள் ஜெயராணி. "வெயிலு இங்கேயே இருக்கே."

"அதச் செல்லிறாதீங்க," என்றாள் மின்ஹா.

இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து போனார்கள். மின்ஹா வீட்டு உறுதிப் பத்திரத்தையும் வியாபாரப் பதிவையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்திருந்தாள். ஜெயராணி வெயிலையும் ரோமரையும் நாரைகளையும் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தாள். வேறு அதிகாரி. தலையாட்டிக்கொண்டு கேட்டார். இருவருக்கும் விசா வந்தது.

செப்டெம்பரில் போனார்கள். லார்னக்கா விமான நிலையத்தில் பாஸ்போட்டைப் பார்த்தவன், எந்த வீட்டில் வேலை என்று கேட்டான். ஜெயராணி கிரேக்க மொழியிலேயே லீவுக்கு வந்திருக்கிறோம் என்றாள். அவன் இன்னொரு தடவை விசாவைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினான்.

ஹோட்டல் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. காலையில் எழுந்ததும் ஜெயராணி கட்டில் விரிப்பை இழுத்து மடித்தாள், குளியலறையைத் துடைத்தாள். றம்லத் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஆள் வருமே," என்றாள்.

"வர்றவளுக்குக் கொஞ்சம் லேசா இருக்கட்டும்."

வந்தவள் குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண். இவர்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, "அக்கலா கொஹேத வெட?" என்று எங்கே வேலை என விசாரித்தாள். வேலைக்கு வரவில்லை, ஹோட்டலில் தங்கியிருக்கிறோம் என்று றம்லத் சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பெண் கையில் துண்டுகளோடு வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு ஒரு துண்டுக்குப் பதிலாக ஆளுக்கு மூன்று துண்டு வைத்துவிட்டுப் போனாள்.

முதல் நாள் கடலுக்குப் போனார்கள். மணல் முழுக்க ஆட்கள். ஜெயராணி சுடிதாரோடு கணுக்கால் வரை நின்றாள். எல்லோரும் தன்னைப் பார்ப்பது போல இருந்தது. யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கரைக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். லாசரஸ் தேவாலயத்துக்குப் போய்க் கீழே இறங்கிக் கல்லறையைப் பார்த்தார்கள். கோட்டைக்கு மேல் ஏறினார்கள். முன்பு சக்கர நாற்காலியோடு எத்தனையோ தடவை வாசல் வரை வந்து திரும்பிய இடம். மேலிருந்து பார்த்தால் ஊர் இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

மரூலா இறந்து வருடங்கள் ஆகிவிட்டன. அவளுடைய மகள் எலெனி, ஜெயராணி வந்திருப்பது தெரிந்து இருவரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். றம்லத்துக்காக மீன் மட்டும் சமைத்திருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் ஜெயராணி எழுந்து தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். எலெனியும் தடுக்கவில்லை. இருவருக்கும் பழகிப்போன விஷயம்.

தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது எலெனி பக்கத்தில் வந்து நின்றாள். தன் மாமியாருக்கு ஞாபகம் தப்பிவிட்டது, வேலைக்கு வருகிற பெண்கள் ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை என்றாள். "உன்னைப் போல யாரும் இல்லை. அம்மாவை எப்படிப் பார்த்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். இங்கேயே இருந்துவிடேன். பேப்பர் வேலையெல்லாம் என் கணவர் பார்த்துக்கொள்வார். முன்பு கொடுத்ததைவிட இரண்டு மடங்கு தருகிறேன்."

ஜெயராணியின் கை தண்ணீருக்குள் நின்றது. நிஷாந்தினியின் வீட்டுக்கு மேல்மாடி போட வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் இருந்தால் போதும். அந்த மாமியாரின் முகம்கூட அவளுக்குத் தெரியும், அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு வருகிற அம்மா. சரி என்று சொல்லிவிடுவேனோ என்று தனக்கே பயமாக இருந்தது என்று பிறகு இராமகிருஷ்ணனிடம் சொன்னாள்.

கையைத் துடைத்தாள். மிச்சத் தட்டுகள் தொட்டியிலேயே கிடந்தன.

"எலெனி, நான் லீவில் வந்திருக்கிறேன்," என்றாள்.

எலெனியின் முகம் சிவந்துவிட்டது. "நீ போய் உட்கார்," என்று அவளை மேசைக்கு அனுப்பிவிட்டு, தானே காப்பி போட்டுக் கொண்டுவந்தாள். விடைபெறும்போது மறுபடியும் முத்தம் கொடுத்தாள். கோபம் ஒன்றும் இருக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது றம்லத் கேட்டாள். "என்னத்துக்கு நீ எழும்பின?"

"தெரியல. கை தானா போயிருச்சு."

"நான் எழும்பாம இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?" என்றாள் றம்லத்.

ஜெயராணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல், முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஹோட்டலுக்குப் போகவில்லை, நடைபாதையில் இறங்கி நேரே மணலுக்குப் போனார்கள். கைப்பையையும் ஃபோனையும் பக்கத்தில் குடைக்குக் கீழே இருந்த ஒரு குடும்பத்திடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஜெயராணி உடுத்திருந்ததோடு இறங்கினாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. முழங்கால், இடுப்பு, பிறகு நெஞ்சு. அவளுக்கு நீச்சல் தெரியாது. ஒரு அலை வந்து அவளைக் கொஞ்சம் தூக்கி மறுபடி நிற்க வைத்தது. பின்னால் றம்லத், "பொறு, பொறு, என்னையும் பிடி," என்று கத்திக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தாள். கை விரல் சுருங்கும் வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.

மறுநாள் பள்ளிவாசலுக்குப் போனார்கள். உப்புக் குளம் வற்றி வெள்ளையாகக் கிடந்தது. நாரை ஒன்றுகூட இல்லை. அவை குளிர்காலத்தில்தான் வருமாம். ஜெயராணி வெளியே ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். றம்லத் உள்ளே நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஜெயராணி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

இவர்கள் ஊருக்கு வந்த பிறகு எலெனி ஒரு தடவை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டாள். நேபாளத்துப் பெண் ஒருத்தி கிடைத்திருக்கிறாள், நல்ல பிள்ளை என்றாள். அம்மாவுக்கு நீ செய்து கொடுத்த பருப்பை மாமியாருக்கும் கொடுத்துப் பார்க்க வேண்டும், எப்படிச் செய்வது என்று கேட்டாள். ஜெயராணி இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொல்லிக் கொடுத்தாள். தேங்காய்ப் பால் கடைசியில்தான் என்று இரண்டு தடவை சொன்னாள்.

பேசி முடித்ததும், கேட்டுக்கொண்டிருந்த இராமகிருஷ்ணன், "அடுத்த தடவ நானும் வரட்டா?" என்றான்.

"மொதல்ல திருகோணமலைக்குப் போவோம்," என்றாள் ஜெயராணி. "உங்களுக்குக் கடல் ஒத்துக்குதான்னு பாப்போம்."

சித்திரை வருடப் பிறப்புக்கு வேலைக்கு வரும் பெண்களுக்கும் சேர்த்து லீவு கொடுத்துவிட்டு இருவரும் ஓட்டோவிலேயே திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரைக்குப் போனார்கள். இராமகிருஷ்ணன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் அவன் பாஸ்போட் அளவுப் படம் எடுத்துக்கொள்பவனைப் போல விறைத்து நிற்பதை ஜெயராணி ஃபோனில் எடுத்து றம்லத்துக்கு அனுப்பினாள்.