சண்டையே போடாத தம்பதி

பிளம்பர் எந்த வீட்டுக்குப் போனாலும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நீங்களே கை வச்சீங்களா?" எதிரே நிற்பவர் தலையைச் சொறிந்தால் தொலைந்தார். ஒழுகுகிற குழாயில் சுற்றியிருக்கும் டேப்பை உரித்துக்கொண்டே, "இதுக்குன்னு ஒருத்தன் இருக்கான்ல? முதல்லயே கூப்பிட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?" என்று அவர் ஆரம்பித்தால் ஒழுகலே தேவலை என்றாகிவிடும்.

இந்த மகானுபாவர்தான், கல்யாணமாகி மூன்று வருஷமாக ஊரிலேயே இருக்கும் மனைவியைத் தான் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு அழைத்துக்கொள்ள விசா விண்ணப்பம் போட வேண்டிய நேரத்தில், வக்கீலே வேண்டாம் என்றார்.

"மாமா, கடைவீதி மாடியில ஒரு தமிழ் வக்கீலம்மா இருக்காங்க. இந்த விசா வேலையேதான் பாக்கறாங்க. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வருவோமே" என்றான் மச்சினன். பிளம்பர் இருக்கும் இடத்திலேயே வேன் ஓட்டுகிறவன், மனைவியின் தம்பி.

"என் பொண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியாததா அந்தம்மாவுக்குத் தெரியப் போகுது? போடா."

மனைவியும் போனில் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு அங்க வந்து சேரணும். உங்க கெட்டிக்காரத்தனத்த என் தலையில காட்டாதீங்க." அவர் காதில் வாங்கினால்தானே.

விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. கல்யாணம் உண்மையானதுதான் என்று காட்ட, இருவரும் போனில் அனுப்பிக்கொண்ட செய்திகளை விசா அலுவலகத்தில் கேட்டிருந்தார்கள். பிளம்பர் உட்கார்ந்து படித்துப் பார்த்தார். 'போன எடுக்காம எங்க போய்த் தொலைஞ்சீங்க?' 'உங்கம்மா மாதிரியே பேசாத.' 'எங்கம்மாவ இழுத்தா நடக்கிறதே வேற.' பக்கம் பக்கமாக இதுதான். ஒரு சர்க்கார் அதிகாரி இதைப் படித்தால் மானம் என்னாவது? அடைப்பு எடுப்பதில் கைதேர்ந்தவர் அல்லவா, போனிலேயே ஒவ்வொன்றாக அழித்துச் சுத்தம் செய்தார். மிஞ்சியவை 'சாப்பிட்டியா?', 'சாப்பிட்டேன்', 'குட்நைட்'.

மச்சினன் வாங்கிப் பார்த்தான். "மாமா, எங்க அக்கா பேசின மாதிரியே இல்லையே?"

"அதனாலதான்டா நல்லா இருக்கு."

சில மாதங்கள் கழித்துப் பதில் வந்தது. இவர்கள் உண்மையிலேயே கணவன் மனைவியாக வாழ்கிறவர்கள் என்று நம்புவதற்கில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. பிளம்பர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் வருவாள் என்று வாங்கிய இரட்டைக் கட்டில் அது. அவள் பக்கத்துத் தலையணையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அவருக்கு அழுகை வந்தது. பக்கத்து அறைக்காரனுக்குக் கேட்காமலிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

பிறகென்ன, மாடிப்படி ஏற வேண்டியதாயிற்று. வக்கீலம்மா காகிதங்களை இரண்டு தரம் புரட்டினார். கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"நீங்களே கை வச்சீங்களா?"

பிளம்பர் தலையைச் சொறிந்தார். மச்சினன் சட்டென்று சுவர்க் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

"மூணு வருஷத்துல ஒரு சண்டை கூடவா இல்ல? இதப் படிக்கிற அதிகாரிக்கும் வீடு, பொண்டாட்டின்னு இருக்கும்ல? பாத்தவுடனே, இது யாரோ சொல்லிக்கொடுத்து எழுதினதுன்னுதான் தோணும். அழிச்சதெல்லாம் உங்க வீட்டுக்காரம்மா போன்ல இருக்கான்னு கேளுங்க."

பிளம்பர் அங்கேயே மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். குரல் பாதியாகியிருந்தது. "நாம போட்ட சண்டையெல்லாம்... உன்கிட்ட இருக்கா?"

"ஒண்ணு விடாம இருக்கு. ஏன்?"

சொன்னார். அவள் பிடித்துக்கொண்டாள். அவருடைய கெட்டிக்காரத்தனம், பிடிவாதம், போன வருஷம் மறந்துபோன கல்யாண நாள் என்று ஒன்றையும் விடவில்லை. வழக்கமாக நடுவில் பாய்கிற பிளம்பர் அன்று வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவள் குரல் உடைந்தது.

"மூணு வருஷமா தனியாக் கெடந்து உங்ககிட்ட எவ்வளவு பேசியிருப்பேன்? அதுல உங்களுக்கு வேண்டியது 'சாப்பிட்டேன்' மட்டும்தானா?"

பிளம்பர் குனிந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பைத் துண்டிக்க நீண்ட மச்சினன் கையை வக்கீலம்மா தடுத்தார்.

"பேசட்டும் விடுங்க" என்றார். "மூணு வருஷத்துல இப்பதான் முழுசாக் கேக்கறார்."