செம்பு மோதிரமும் ஆனர்ஸ் படிப்பும்

கடலூரிலிருந்து காலை ஏழரைக்குக் கிளம்பும் அந்தத் தனியார் பேருந்தில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தூங்குவதற்கென்றே ஏறுகிறார்கள் என்பது கண்டக்டர் கலியமூர்த்தியின் பத்தொன்பது வருஷத்து அபிப்பிராயம். ஆலப்பாக்கம் வருவதற்குள் டிக்கெட் கொடுத்து முடித்துவிடுவார். பிறகு வண்டிக்குள் பேச்சு அடங்கும். உப்புக் காற்றும் இறால் குட்டை வாசமும் சன்னல் வழியே உள்ளே வரும். தலைகள் ஒவ்வொன்றாகச் சாயும். பக்கத்து ஆளின் தோளை அவரைக் கேட்காமலே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. டிபன் கேரியரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் கலியமூர்த்தி நடுவழியில் மெல்ல அடியெடுத்து நடப்பார். முப்பது நாற்பது பேருடைய கனவுக்குள் செருப்போடு நுழைந்துவிட்டது போல அவருக்கு ஒரு கூச்சம் வரும். அந்தக் கூச்சம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

அவருக்குச் சொந்த ஊர் காடாம்புலியூர். பிளஸ் டூ முடித்து, காவலர் தேர்வு ஓட்டத்துக்காகக் கடலூர் மைதானத்துக்குப் பஸ் ஏறினார். ஏறிய பிள்ளை தூங்கிவிட்டான். கண் விழித்தபோது வண்டி பாண்டிச்சேரியில் நின்றுகொண்டிருந்தது. போலீஸ் வேலை போயிற்று, பஸ் வேலை வந்தது. அதை நினைத்து அவர் அழுததில்லை. ஆனால் யாராவது தன் ஸ்டாப்பைத் தாண்டித் தூங்கினால் அவருக்குப் பொறுக்காது.

இசைவாணி ஓ.டி.யில், கடலூர் பழைய டவுனில், ஏறுகிற பெண். சிதம்பரத்துக்கு முன்னால் ஒரு கல்லூரியில் நாலாம் வருஷம் படித்தாள். அவள் படிப்பின் பெயர் நடத்தை நரம்பியல், ஆனர்ஸ். பஸ்ஸில் எல்லோரும் அதைச் சுருக்கமாக மூளைப் படிப்பு என்றார்கள். போனுக்கும் அதன் உறைக்கும் நடுவே எட்டாக மடித்த ஒரு தாள் வைத்திருப்பாள். ஆனர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் என்று கல்லூரி அச்சடித்துக் கொடுத்த தாள் அது. மூன்று வருஷத்திலும் பத்துக்கு ஏழரைக்குக் குறையாத மார்க் சராசரி, ஒரு அரியர் கூட இருக்கக் கூடாது, புள்ளியியலில் தனியாக இரண்டு தாள். அதையெல்லாம் முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ஆராய்ச்சி ஒன்றுதான். சொந்தமாக ஒரு கேள்வி, முப்பது பேருக்குக் குறையாமல் சம்மதக் கையெழுத்து, யாருக்கும் தீங்கில்லை என்று ஒரு குழுவின் ஒப்புதல், கட்டுரை, கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. இதில் ஒன்று தவறினாலும் நாலாம் வருஷம் வீண். மூன்று வருஷப் பட்டத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவள் கேள்வியைக் கண்டுபிடித்ததே இந்த பஸ்ஸில்தான். தூங்குகிறவர்கள் எப்படித் தங்கள் ஸ்டாப்புக்கு முன்னால் சரியாக விழிக்கிறார்கள்? தூங்கும் மூளை வளைவுகளை எண்ணுகிறதா, பிரேக்கைக் கணக்கு வைத்துக்கொள்கிறதா?

"மாமா, ரெகுலரா வர்றவங்க கிட்ட ஒரு கையெழுத்து வாங்கித் தர்றீங்களா?" என்று கேட்டாள்.

கையெழுத்து என்றதும் பஸ் முழித்துக்கொண்டது. புதுச்சத்திரம் அங்கன்வாடி ஆரோக்கியம்மாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூங்கறதுக்கு எதுக்குய்யா கையெழுத்து? எழுதி வாங்கினு அப்புறம் எதனா சொல்லப் போறாங்க."

"நீ எப்பவும் போல தூங்கும்மா. பாப்பா பாத்து எழுதிக்கும், அவ்ளோதான்" என்றார் கலியமூர்த்தி. ஒரு வாரத்தில் முப்பத்தொரு கையெழுத்து சேர்ந்தது. தானே பரீட்சை எழுதப்போகிறவர் மாதிரி அந்தத் தாளின் வரிகளை அவர் மனப்பாடம் செய்துவிட்டார். டிரைவர் சார்லஸிடம் டீக்கடையில் ஒப்பித்தும் காட்டினார்.

இரண்டு மாதம் அவள் நோட்டும் கையுமாக விழித்திருந்தாள். முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் ஸ்டாப்புக்குச் சற்று முன் தானாக விழிக்கிறார்கள். வழிகாட்டியான பிரீதா மேடம்கூட அசந்துபோனாராம். கலியமூர்த்திக்கும் தலைகால் புரியவில்லை. தன் பஸ் ஜனங்களுக்கு இத்தனை நல்ல மூளையா என்று இருந்தது.

பிறகு அவர் ஒரு கல்யாணத்துக்காக ஒரு நாள் லீவு போட்டார். வேறொரு கண்டக்டர் வந்தார். அன்றைக்கு ஆரோக்கியம்மாள் பி.முட்லூரில் கண் விழித்து வண்டியே அதிரும்படி சத்தம் போட்டாராம். ராஜகணேஷ் என்ற வங்கிக்காரர் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினாராம். பெரும்பாலோருக்குச் சரியான இடத்தில் முழிப்பு வரவில்லை.

மறுநாள் இசைவாணி நோட்டைத் திறக்கவே இல்லை. கலியமூர்த்தியையே பார்த்துக்கொண்டு வந்தாள். புதுச்சத்திரம் நெருங்கும்போது, "மாமா, கம்பியில எதுக்குத் தட்டுனீங்க?" என்றாள்.

"நான் எங்க தட்டுனேன்?"

"இப்பத்தான். ஆரோக்கியம்மா சீட்டுக்கிட்ட. ரெண்டு தபா."

அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது சீட்டுக் கம்பியின் மேல் இருந்தது. மோதிர விரலில், எப்போதோ கோயில் வாசலில் வாங்கிப் போட்ட செம்பு மோதிரம். ஆரோக்கியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷமாக இந்த விரல் தன்னைக் கேட்காமல் வேலை பார்த்திருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அப்போ உன் படிப்பு?" என்றார்.

அவள் நோட்டைப் பைக்குள் தள்ளினாள். கட்டுரை கொடுக்க ஐந்து வாரம் இருந்தது. ஒரு பிள்ளையின் நாலு வருஷத்தைத் தட்டியே கெடுத்துவிட்டோமே என்று கலியமூர்த்திக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பிரீதா மேடம்தான் வழி சொன்னார். கேள்வியை மாற்றிக்கொள், ஒரு நாள் மோதிரத்தோடு, ஒரு நாள் மோதிரம் இல்லாமல், இப்படி மூன்று வாரம் பார் என்றார். தீங்கு கூடாது என்ற விதிப்படி, ஸ்டாப்பைத் தாண்டித் தூங்குகிறவரை இசைவாணியே எழுப்ப வேண்டும், அவர் இறங்க சார்லஸ் இருபதடி தள்ளி வண்டியை நிறுத்த வேண்டும். குழு ஒப்புக்கொண்டது. முப்பத்திரண்டாவது சம்மதத் தாளில் கலியமூர்த்தியே கையெழுத்துப் போட்டார். பாண்டிச்சேரியில் கண் விழித்த பையனுக்கும் சேர்த்துப் போடுவதாக அவருக்குத் தோன்றியது.

மோதிரம் இல்லாத நாட்கள் அவருக்கு நரகம். கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். கண் முன்னே ஒரு மனுஷி தன் ஸ்டாப்பைத் தாண்டித் தூங்கிக்கொண்டு போவார். வாயைத் திறக்கக் கூடாது. வண்டி நின்றதும் அந்த இருபதடியை நடந்து போகிறவர்களைப் பின்கண்ணாடி வழியே பார்த்து மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். மூன்று வாரம் முடிந்தது. மோதிரத்தோடு இருபத்தேழு பேர், மோதிரம் இல்லாமல் ஆறே பேர். கட்டுரை தயாராயிற்று.

"வைவாவுல காட்டணும் மாமா" என்று முதல் நாள் சாயங்காலம் மோதிரத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வைவா அன்று காலை, இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, இசைவாணி தூங்கிவிட்டாள். ஆலப்பாக்கம் தாண்டவில்லை, தலை சன்னல் கம்பியில் சாய்ந்துவிட்டது. வெள்ளாற்றுப் பாலத்தின் மேல் பனி இன்னும் கலையவில்லை. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியாத வெளுப்பில் பஸ் மிதந்து போனது. கல்லூரி ஸ்டாப் நெருங்கியது. கலியமூர்த்தி அவள் சீட்டுக்குப் பக்கத்தில் போய் வழக்கம்போல் கையைத் தூக்கினார். விரல் மொட்டையாக இருந்தது. கை அப்படியே நின்றது. எழுந்திரும்மா, எழுந்திரு கண்ணு என்று நினைத்தார். கூப்பிடலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவள் கண்ணைத் திறந்தாள்.

"நல்ல வேளை தட்டுனீங்க மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

நாலு மணி நடையில் சிதம்பரத்திலிருந்து திரும்பும்போது கல்லூரி ஸ்டாப்பில் ஏறினாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. மோதிரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"என்னாச்சும்மா?"

"மேசை மேல இத எடுத்து வச்சப்பத்தான் ஒறைச்சுது. மோதிரம் என் பையில இருக்குது. காலைல நீங்க எப்டித் தட்டியிருப்பீங்க?"

"நான் தட்டல. சும்மா நின்னேன். அத அவுங்க கிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சொல்லாம இருக்க முடியல."

"போச்சா?"

"இல்ல மாமா. அந்த ஒரு வரியக் கட்டுரையில சேத்துக் குடுத்துட்டா ஆனர்ஸ்னு சொல்லிட்டாங்க." அவள் சிரிக்கப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. "ஆராய்ச்சியாளர் ஒரு நாள் மோதிரம் இல்லாமலே விழித்தார்னு எழுதணும். காரணம்னு என்னா எழுதறது?"

அவர் உள்ளங்கையில் இருந்த மோதிரத்தைப் புரட்டினார். "தெரியலன்னே எழுது" என்றார்.

பாலம் தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள். சாயங்கால வெயில் மடியில் கிடந்தது. புதுச்சத்திரத்தில் ஏறிய ஆரோக்கியம்மாள் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கலியமூர்த்தி மோதிரத்தைப் போட்டுக்கொண்டு மற்றவர்களை ஸ்டாப் ஸ்டாப்பாகத் தட்டி இறக்கினார்.

ஓ.டி. வந்தது. அவள் சீட்டருகே வந்து நின்றார். எழுந்திரு என்று காலையில் நினைத்ததை இப்போது அவர் நினைக்கவில்லை. மூன்று வருஷத்து மார்க்கும், முப்பத்தொரு பேரின் தூக்கத்துக்குக் காவல் இருந்த கண்ணும் அவர் முன்னால் அசந்து கிடந்தன. தூங்கட்டும் என்று நினைத்தார். அவள் அசையவில்லை. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு விசில் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

"யோவ், இந்தப் பொண்ணு இங்க எறங்கணும்யா" என்றார் ஆரோக்கியம்மாள் தாழ்ந்த குரலில்.

"தெரியும்மா. கடலூர் ஸ்டாண்டு போய்த் திரும்பி வரப்ப எறக்கிக்கலாம்."