காலர் அக்கா உட்கார்ந்த வரலாறு

அரசர்கள் அமர்ந்த சிம்மாசனங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய வரலாற்றாசிரியர்களில் ஒருவர்கூட, அந்த அரசரால் நிம்மதியாக உட்கார முடிந்ததா என்று கேட்டதில்லை. அந்தக் குறையை நம்மால் முடிந்த அளவு இங்கே தீர்த்துவைப்போம்.

நமது நாயகி, சட்டைத் தொழிற்சாலையின் மூன்றாம் வரிசையில் காலர் தைப்பவர். பத்தொன்பது வருடமாக அதே மெஷின், அதே ஸ்டூல். அவர் தைத்த காலரின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம் இராது. தொழிற்சாலையே அவரைக் காலர் அக்கா என்றது.

அப்படிப்பட்டவரின் காலர் ஒருநாள் கோணியது. மறுநாள் சோதனை மேசையிலிருந்து மூன்று திரும்பி வந்தன. கோளாறு கையில் இல்லை, கண்ணில் இல்லை; ஸ்டூலுக்கும் அக்காவுக்கும் நடுவே இருந்தது. மூலம். வலியென்றால் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். அரிப்பை எதைக் கடித்துக்கொண்டு தாங்குவது? நாற்பது பெண்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல, சத்தம் காட்டாமல் நெளிந்தார். அவர் நெளிந்தபோதெல்லாம் தையலும் கூடவே நெளிந்தது.

மேற்பார்வையாளருக்குக் கம்பம் என்று பட்டப்பெயர். காலையிலிருந்து மாலை வரை உட்காரவே மாட்டார். வரிசைகளுக்கு நடுவே நட்டுவைத்தாற்போல நிற்பார். அவருடைய கண்ணாடி அறையில் கிடந்த நாற்காலியின் பிளாஸ்டிக் உறை, வாங்கி நாலு வருடமாகியும் பிரிக்கப்படவில்லை. இதைக் கடமை உணர்ச்சி என்று முதலாளி மெச்சினார்.

"என்னம்மா, காலர் வாலாட்டுது?" என்று கம்பம் மூன்றையும் மெஷின் மேல் போட்டார். "ஒரு வாரம் பார்ப்பேன். சரியாகலன்னா நூல் வெட்டுற மேசைக்குப் போயிடு. அங்க நின்னுக்கிட்டே வேலை."

நின்றுகொண்டே வேலை! ஒரு நொடி அக்காவின் உடம்பு 'சரி' என்று சொல்லிவிட்டது. மானம்தான் மறுத்தது. முந்தாநாள் சேர்ந்ததுகள் பிசிறு வெட்டும் மேசைக்கு, பத்தொன்பது வருடத்துக் கை போவதா?

அக்காவிடம் வைத்தியம் இல்லாமலில்லை. துணியில் கறை போகவில்லையென்றால் சோப்பைப் போட்டு இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டும் என்பது தொழில் கற்றுக்கொடுத்த பாடம். காலையும் மாலையும் வாசனை சோப்பால் அதையே செய்தார். அரிப்பு அதை உபசாரமாக எடுத்துக்கொண்டு இரட்டித்தது.

வேறு வழியின்றி டாக்டரிடம் போனார். டாக்டர் அக்காவைவிட இளைய பெண். பார்த்து முடித்ததும் முதல் கேள்வி: "சோப்பு போட்டுத் தேய்க்கிறீங்களா?"

"நல்லா தேய்ப்பேன் டாக்டர்," என்றார் அக்கா, பெருமையாக.

"அது துணி இல்லக்கா, தோல். தேய்க்கத் தேய்க்க அரிக்கத்தான் செய்யும். வெறும் தண்ணில கழுவி, மெதுவா ஒத்தி எடுங்க. ஒரு டப்புல வெதுவெதுப்பா தண்ணி விட்டு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் உட்காருங்க. தினம் ரெண்டு மூணு தடவை. இந்தக் களிம்பை ஒரு வாரம் மட்டும் போடுங்க. கீரை, பழம் நிறைய. முக்கக் கூடாது. தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"வேலை நேரத்துல குடிக்கிறதில்ல."

"ஏன்?"

அக்கா கட்டையைப் பற்றிச் சொன்னார். கயிறு கட்டிய மரக்கட்டை அது. கம்பம் நிற்கும் இடத்துக்குப் பின்னால், தூணில் அடித்த ஆணியில் தொங்கும். கழிப்பறைக்குப் போகிறவர் அதை எல்லார் பார்க்கவும் கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கு ஒரே கட்டை. மாட்டக் கூச்சப்பட்டு வரிசையே தண்ணீரை விட்டுவிட்டது. வந்ததை அடக்குவது அங்கே நல்லொழுக்கம்.

டாக்டர் பேனாவை மூடினார். "மருந்து நான் தரேன். கட்டையை நீங்கதான் பார்த்துக்கணும். ரத்தம் வந்தாலோ, ஒரு வாரத்துல குறையலன்னாலோ மறைக்காம வந்துடுங்க."

அன்று மாலை, மகளைக் கைக்குழந்தையாக இருந்தபோது குளிப்பாட்டிய நீல டப் பரணிலிருந்து இறங்கியது. பூட்டு பழுதுபார்க்கும் கணவர் தண்ணீரைக் கலந்து, முழங்கையை நனைத்துச் சூடு பார்த்தார்.

"மகாராணி, சிம்மாசனம் தயார்."

"சிரிச்சீங்க, உங்களையே பிடிச்சு உட்கார வச்சிடுவேன்."

"நான் எங்க சிரிச்சேன்? திறக்காத பூட்டை நாங்களும் முட்டித் தள்ள மாட்டோம். எண்ணெய் விட்டுட்டுக் காத்திருப்போம்."

அக்கா உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிடம் அவரிடமிருந்து ஒரு 'அப்பாடா' கிளம்பியது. தெருமுனை வரை போயிருக்கும்.

மறுநாள் பாட்டில் நிறையத் தண்ணீரோடு வேலைக்குப் போனார். மத்தியானத்துக்குள் மூன்று முறை கட்டை கழுத்தில் ஏறியது. கண்ணாடி அறையிலிருந்து அழைப்பு வந்தது.

"மூணு தடவையா? கட்டையை என்ன தங்கச் சங்கிலின்னு நெனச்சியா?" என்ற கம்பம், கோபத்தில் தன்னை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது மிகை. முதலில் ஒரு பக்கம் இறங்கியது. கை மேசை விளிம்பைப் பற்றியது. மறுபக்கம் பாதி வழியில் நின்றது. கண் கூரைக்குப் போனது.

பாம்பின் கால் பாம்பறியும். நாலு வருடக் கடமை உணர்ச்சிக்கு அர்த்தம் அக்காவுக்கு அந்த நொடியில் விளங்கியது.

"சார்," என்றார் தணிந்த குரலில். "சோப்பு போட்டுத் தேய்க்கிறீங்களா?"

கம்பம் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "மூலிகை சோப்பு," என்றார்.

"இன்னிக்கே தூக்கிப் போடுங்க."

டாக்டர் சொன்னதையெல்லாம் அக்கா ஒன்று விடாமல் சொன்னார். கம்பம் ஒரு சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார்.

"டப் எவ்வளவு பெருசு?"

"உங்களுக்குத் துணி ஊறவைக்கிற டப்தான் சரிப்படும். ஆனா எதுக்கும் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தண்ணி குடிக்கணும், வந்தா உடனே போகணும். அடக்கக் கூடாது."

"நான் நகர்ந்தா வரிசை பேச ஆரம்பிச்சிடுமே!"

"பேசட்டுமே சார். கட்டை இல்லாத உங்களுக்கே இந்தக் கதி. நாப்பது பேருக்கும் இது வரணுமா?"

கம்பம் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பாதி உட்கார்ந்த மனிதனுக்கு வாதாட வராது.

கம்பம் கெடு வைத்த வாரத்தின் கடைசி நாள் வந்தது. சோதனை மேசையிலிருந்து ஒரு காலர்கூடத் திரும்பவில்லை. அக்காவின் அரிப்பு போன இடம் தெரியவில்லை. மாலையில் திடீரென்று மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"ஏய், அங்க பாருங்கடி! கம்பம் உட்கார்ந்திருக்கு!" என்றாள் பட்டன் தைப்பவள்.

கண்ணாடி அறையில் பிளாஸ்டிக் உறை தரையில் கிடந்தது. கம்பம் முழுதாக, இரண்டு பக்கமும் சமமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார், ஆணியிலிருந்து கட்டையை எடுத்தார், நாற்பது ஜோடிக் கண்களுக்கு நடுவே கழிப்பறைப் பக்கம் நடந்தார். திரும்பியபோது கை காலி. அங்கே காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும் ஜன்னலுக்கு அதை முட்டுக் கொடுத்துவிட்டாராம்.

காலர் அக்கா மட்டும் தலை நிமிரவில்லை. ஒரு முனை பாக்கி இருந்தது. முடித்து, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இல்லை. பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்தார். பிறகு எழுந்து, யாரையும் கேட்காமல், வெறுங்கழுத்தோடு போய்வந்து, தன் ஸ்டூலில், சாய்மானம் வைத்த சிம்மாசனத்தில் அமர்வதுபோல், அமர்ந்தார்.