உப்புக் குறைந்த லெபனான் ஓட்டல்

1984-ஆம் வருஷம் ஆவணி மாதம், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குத் தெற்கே ஒரு சைக்கிள் கடையை ஒட்டி, அய்யாக்கண்ணு 'லெபனான் ஓட்டல்' என்று போர்டு மாட்டினான். அந்த நாட்டுக் கொடியில் இருக்கிற தேவதாரு மரத்தை ஓரத்தில் வரையச் சொன்னதற்கு, போர்டு எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த சவுக்கு மரத்தை வரைந்து கொடுத்தார். லெபனான் என்றால் ரேடியோ செய்தியில் குண்டு விழுந்தது, இத்தனை பேர் செத்தார்கள் என்றுதான் ஊர் கேட்டிருந்தது. அதனால் திறந்த அன்றைக்கே 'சண்டைக் கடை' என்று பேர் விழுந்துவிட்டது. பேர் வைப்பதில் நம் ஆட்களுக்கு இருக்கிற சுறுசுறுப்பு, உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்பதிலும் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

டீயைத் தவிர கடையில் கிடைத்தது நாலே நாலு பண்டம். வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலையை எள்ளு, பூண்டு, எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து அரைத்த விழுது ஒன்று. கொத்துக்கறியைக் கம்பியில் பிடித்துக் கரி நெருப்பில் சுட்டது ஒன்று. கோதுமை நொய்யில் தக்காளியும் கொத்தமல்லியும் பொடியாக அரிந்து போட்டுப் புளிப்பாகப் பிசைந்தது ஒன்று. பிறகு, அடுப்புச் சுவரில் ஒட்டிச் சுடும் உப்பலான ரொட்டி. லெபனானில் விழுதின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார்கள். பெரம்பலூரில் அது மருந்துக் கடையில், கைக்குழந்தைக்குத் தேய்த்துவிடச் சின்ன டப்பாவில் விற்றது. அதை வாங்கி ஊற்றிக் கட்டுமா? நல்லெண்ணெயை ஊற்றினான். அவன் மனைவி வேம்பு விடிந்ததிலிருந்து ஆட்டுக்கல்லோடு ஆட்டுக்கல்லாக உட்கார்ந்து கடலையை மையாக அரைத்துக் கொடுப்பாள். வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அதே ஆட்டுக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து சட்டியில் மிச்சம் ஒட்டியிருப்பதை வழித்துச் சாப்பிடுவாள்.

வந்தவர்கள் சொன்ன அபிப்பிராயத்துக்குக் குறைவே இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், காய்ச்சலில் கிடப்பவனுக்குக் கொடுக்கலாம், வயிற்றைப் படுத்தாது என்றார். ஆபீஸ் கிளார்க் ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு சாம்பார் எங்கே என்று கேட்டார். இன்னொருவருக்கு எள்ளைக் கண்டாலே அப்பாவுக்குக் காரியம் பண்ணிய ஞாபகம் வந்துவிட்டதாம். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஏற்றி வந்த சேலத்து லாரி டிரைவர் மட்டும் தனியாக ஒரு மேஜையில் உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இந்த வழியாக வரும்போதெல்லாம் வருவேன் என்று சொன்னார். சொன்னபடியே வரவும் செய்தார். ஆனால் ஒரு டிரைவரை வைத்துக்கொண்டு ஓட்டல் நடத்த முடியாது.

டிரைவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். அய்யாக்கண்ணு கடையில் தனித் தட்டு கிடையாது. மேஜை நடுவில் பெரிய வட்டத் தட்டு ஒன்றை வைப்பான். சுற்றி உட்கார்ந்தவர்கள், எந்தத் தெருக்காரராக இருந்தாலும், ரொட்டியைப் பிய்த்து அதிலேயே தொட்டுச் சாப்பிட வேண்டும். தனித்தனியாக வைத்துவிடேன் என்று எல்லாரும் கேட்டார்கள். அதுதான் அந்த ஊர் முறை, அப்படிச் சாப்பிட்டால்தான் ருசி என்று எல்லாரிடமும் மறுத்தான்.

அதற்கும் முன்னால் எல்லாரும் ஒரு கேள்வி கேட்டார்கள். தம்பிக்கு எந்த ஊர்? குரும்பலூர்ப் பக்கம் என்பான். ஊருக்குள்ளேயா, வெளியேயா? அய்யாக்கண்ணு மறைக்கிற ஆள் இல்லை. காலனிங்க என்று பளிச்சென்று சொல்லிவிடுவான். அதுவரை நன்றாக இருந்த விழுதில் அதற்குப் பிறகுதான் உப்புக் குறைவது தெரியும். இந்த அதிசயத்தைக் கண்ணெதிரே தினம் பார்த்தும் அவனுக்கு அது உறைக்கவில்லை. உப்புதான் குறைகிறது என்று நிஜமாகவே நம்பினான்.

அவன் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருஷம் குவைத்தில் ஒரு லெபனான்காரர் ஓட்டலில் வேலை பார்த்தவன் அவன். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் முதலாளி கதவைச் சாத்திவிட்டு, இந்த மாதிரி ஒரு தட்டை நடுவில் வைப்பார். முதலாளி, எகிப்துக்காரன், இரண்டு மலையாளிகள், அய்யாக்கண்ணு, சாமிதுரை, எல்லார் கையும் அதில்தான். முதல் நாள் அய்யாக்கண்ணு தன் பங்கை ஒரு மூடியில் எடுத்துக்கொண்டு சுவரோரம் நின்றான். இவனுக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று முதலாளி மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

அதே நிமிஷம் சாமிதுரை வயிற்று வலி என்று எழுந்துகொண்டான். இருவரும் ஒரே ஊர். சாமிதுரை வீட்டு வெங்காயக் காட்டில்தான் அய்யாக்கண்ணுவின் அம்மா களையெடுத்தாள். அவளுக்குக் கூழ் ஊற்றும்போது பாத்திரத்தில் பாத்திரம் படாமல் தூக்கி ஊற்றுவார்கள். ஊரில் சாமிதுரையை அவன் 'சின்னவரே' என்றுதான் கூப்பிட முடியும். அந்தச் சின்னவர் மூன்று நாள் பிஸ்கட்டும் டீயுமாக ஓட்டிப் பார்த்தார். நாலாவது நாள் பசி ஜெயித்தது. வந்து உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தான். இரண்டு பேர் விரலும் ஒரே விழுதில் இடித்துக்கொண்டன. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. அதற்குப் பிறகு அவன் 'துரை', இவன் 'கண்ணு'. சாமிதுரைக்கு அம்மை போட்டபோது பத்து நாள் ஊட்டிவிட்டதும் இவன்தான்.

ஊருக்குத் திரும்பும் முன் அய்யாக்கண்ணு கடை போடும் யோசனையைச் சொன்னான். சாமிதுரை குஷியாகிவிட்டான்.

"போடு கண்ணு. இதே மாதிரி தட்டு வை. நான் லீவுல வந்து மொத ஆளா ஒக்காந்து, நாலு பேரு பாக்கச் சாப்புடுறேன். அப்பறம் எவன் வாயத் தொறப்பான் பாக்கலாம்."

அந்த ஒரு வார்த்தையின் மேல்தான் கடையே நின்றது. தை மாதம் சாமிதுரை லீவில் வருவான். வந்து உட்கார்ந்து தட்டில் கை வைத்தால் ஊர் தன்னால் பின்னால் வரும். அதுவரை உப்பையும் காரத்தையும் சரிபண்ணிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்பது அவன் கணக்கு. விழுதில் பச்சை மிளகாய் போட்டு அரைக்கச் சொன்னான். அடுத்த வாரம் மிளகு. அதற்கடுத்த வாரம் கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினான். அந்த லெபனான்காரர் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். உப்பு வேறு நாளுக்கு நாள் ஏறியது. வாத்தியார் அப்போதும் நாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஏதோ குறைகிறதே என்றார்.

சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்து போகிற வெளியூர்க் குடும்பங்கள் சில நாள் எட்டிப் பார்த்தன. புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாரும் ஒரே தட்டில் சிரித்துக்கொண்டே தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, கறி வேண்டாம், இந்தக் கடலை மட்டும் இன்னும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப் போனார்கள். அய்யாக்கண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியூர்க்காரனுக்கு நாக்கு இருக்கிறது, நம் ஊர்க்காரனுக்குத்தான் செத்துவிட்டது என்று வேம்புவிடம் நியாயம் பேசினான். வேம்பு அன்றைக்கு ஆட்டுக்கல்லை நிறுத்தினாள்.

"மாமா, உப்புப் பத்தலன்னா உப்பக் கேப்பாங்க. இவங்க தட்டக் கேக்குறாங்க. இதுகூடவா தெரியல ஒனக்கு? பேசாம தட்ட வாங்கிப் போட்டுட்டுப் பொழப்பப் பாரு."

அவனுக்கு முகத்தில் அடித்தாற்போல இருந்தது. அடிமனசில் தெரியாமல் இல்லை. தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரை தாங்க முடிந்தது, அவ்வளவுதான். உனக்கு என்ன தெரியும், நீ குவைத்தைப் பார்த்தாயா, துரையைப் பார்த்தாயா என்று கத்தினான். சாமிதுரை வரட்டும், அப்புறம் பேசு என்றான். அவள் மறுபடி அரைக்க ஆரம்பித்தாள்.

சாமிதுரை வந்தான். பொங்கல் முடிந்த நாலாம் நாள், உச்சி வேளையில், ஓர் அம்பாசிடர் கார் கடை வாசலில் நின்றது. கையில் தங்க வாட்ச், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கூட அவன் பெரியப்பாவும், அடுத்த மாதம் மாமனார் ஆகப்போகிறவரும் இறங்கினார்கள். வாத்தியாரும் கிளார்க்கும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அய்யாக்கண்ணு 'வா துரை' என்று சொல்லத்தான் ஐந்து மாதமாகக் காத்திருந்தான். ஆனால் அந்தப் பெரியப்பாவைப் பார்த்ததும் வாய் தானாக 'வாங்க' என்றது.

பரவாயில்லை, வாயில் வருவதில் என்ன இருக்கிறது, வந்துவிட்டானே.  அவன் ஊருக்கு வந்த சேதி தெரிந்ததால், அன்றைக்கு மிளகாய், மிளகு, கறிவேப்பிலை ஒன்றும் போட விடவில்லை. குவைத்தில் எப்படியோ அப்படியே அரைக்கச் சொன்னான். பெரிய தட்டை மேஜை நடுவில் வைத்தான். ஒரு பக்கம் விழுது, ஒரு பக்கம் சுட்ட கறி, அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு ரொட்டி. வாத்தியார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்.

சாமிதுரையின் கை ரொட்டியை எடுத்தது. இரண்டாகப் பிய்த்து, ஒரு துண்டை விரலில் குவித்துப் பிடித்தது. ஐந்து வருஷப் பழக்கம். அந்தக் கைக்கு அது மறக்கவில்லை. தட்டுக்கு மேலே வரை வந்தது. பெரியப்பா சும்மா தொண்டையைச் செருமினார். மாமனார் ஆகப்போகிறவர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். சாமிதுரையின் கை அந்தரத்தில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"உப்பு கொஞ்சம் கம்மியா இருக்கும்போல, கண்ணு."

இன்னும் வாயில் வைக்கவில்லை. ஒரு பொட்டு நாக்கில் படவில்லை. அய்யாக்கண்ணு அவன் முகத்தையே பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் இருந்ததால் கண் தெரியவில்லை. அம்மை போட்டுக் கிடந்தபோது 'இன்னும் ஒரு வாய் குடு' என்று கேட்ட வாய் இதுதானா என்று நெஞ்சு எரிந்தது. உள்ளே போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தான்.

"உப்பு இந்தா இருக்கு. போட்டுச் சாப்புடு, துரை."

சாமிதுரை ஜாடியைத் தொடவில்லை. வாட்சைப் பார்த்தான். பத்திரிகை வைக்கப் போகணும், நேரமாகிவிட்டது, இன்னொரு நாள் நிதானமாக வருகிறேன் என்று மேஜையைப் பார்த்தபடி முனகினான். மூன்று பேரும் எழுந்தார்கள். காருக்குள் ஏறும்போது அவன் ஒருமுறை திரும்பினான். பிறகு கதவைச் சாத்திக்கொண்டான். கார் குரும்பலூர் ரோட்டில் திரும்பியது.

வாத்தியார் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார். நான் அன்றைக்கே சொன்னேனே, உப்புதான் என்றார். கிளார்க்கும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள்.

அய்யாக்கண்ணு நாற்காலியில் உட்கார்ந்தான். பிய்த்துப் போட்ட ரொட்டி மேஜையில் ஆறிக் கிடந்தது.  ஒரு பயலை நம்பி ஊரையே எதிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். உள்பக்கம் பார்த்து, குரல் உடைய, சொன்னான்.

"நாளைக்குத் தட்டு வாங்கிட்டு வரேன், வேம்பு. ஆளுக்கு ஒண்ணு. நீ சொன்னதுதான் சரி."

ஆட்டுக்கல் சத்தம் நின்றது. வேம்பு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் சொன்னேனே என்று இடித்துக் காட்டப் போகிறாள் என்று நினைத்தான். அவள் எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கடை திறந்ததிலிருந்து அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததில்லை. ரொட்டியில் ஒரு துண்டு பிய்த்து, எட்டித் தட்டில் தொட்டு, வாயில் போட்டு மென்றாள்.

"உப்பு சரியாத்தான் இருக்கு, மாமா," என்றாள். இன்னொரு துண்டைப் பிய்த்துக்கொண்டே, "அஞ்சு மாசமா யாரு யாரையோ இதுல கை நனைக்கக் கூப்புட்ட. ஒரு நாளு என்னையக் கூப்புடலியே," என்றாள்.

அய்யாக்கண்ணுக்குச் சாமிதுரை மேல் இருந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது. தன் பக்கமாக ஒதுங்கியிருந்த தட்டை நடுவுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, அவனும் ரொட்டியைப் பிய்த்தான்.