கூரை வழியாக வந்த அலுமாரி

பழைய அலுமாரியின் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிறதே ஒரு வாசம், பூச்சி உருண்டையும் மெழுகும் எந்தக் காலத்து மழையீரமோ அதுவும் கலந்த வாசம், அதை வைத்தே மரம் நல்லதா உளுத்ததா என்று நான் சொல்லிவிடுவேன். டிக்கோயாவில் நாங்கள் கட்டிய புது வீட்டுக்கு ஓர் அலுமாரி பார்க்கப் போன மாதம் மகளோடு நுவரெலியாவில் ஒரு பழைய சாமான் கடைக்குப் போயிருந்தேன். ஒவ்வொன்றிலும் தலையை விட்டு முகர்ந்து பார்த்து, இழுப்பறைகளை உருவி அடிப்பலகையைத் தட்டி, முதுகுப்பக்கம் மட்டப்பலகை அடித்து ஏமாற்றியிருக்கிறார்களா என்று குனிந்து பார்த்ததில் மகளுக்கு வெட்கமாகிவிட்டது. "லேசானதா ஒன்னு வாங்குங்கம்மா, நாளைக்கு வீடு மாறினா தூக்க வேணாமா?" என்றாள். முப்பது வருடம் வகுப்பறையில் கத்திய வாய் இது. கடை என்பதால் மூடிக்கொண்டேன். ஆனால் "வீடு மாறினா" என்ற அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நான் பிறந்தது லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், "காம்பரா" என்னும் ஒற்றை அறை வீடுகள் பன்னிரண்டு வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு லயத்தில். எங்கள் காம்பராவில் சாமான் என்று இருந்தது ஒரு தகர "ட்ரங்குப்பெட்டி" மட்டும்தான். அம்மாவின் கலியாணச் சேலை, எங்கள் பிறப்புப் பத்திரங்கள், அப்பா ஞாயிறு பூசைக்குப் போட்டுப் போகும் கோட்டு எல்லாம் அதற்குள்ளேயே கிடந்தன. லயத்தில் எல்லார் வீட்டிலும் அதே பெட்டிதான், ஏனென்றால் அது இரண்டு அரசாங்கங்கள் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்கள் இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம். மாதம் தவறாமல் யாருக்காவது "பாஸ்போட்டு" வரும், பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நானுஓயா ஸ்டேஷனுக்குப் போவார்கள், நாங்களும் கூடப் போய் அழுதுவிட்டு வருவோம். அப்படித்தான் சித்தப்பா குடும்பமும் போனது, என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்து படித்த சித்தப்பா மகள் ரெஜினாவும் போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரயிலேறிக் கப்பலேறி ரெஜினாவிடம் போய்விட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

அப்பா சவரிமுத்துவும் போவதென்றே இருந்தார். விண்ணப்பப் பாரத்தை வாத்தியாரிடம் கொடுத்து நிரப்பி வைத்திருந்தார், அம்மா அந்தோணியம்மா கைநாட்டு வைக்கவேண்டியதுதான் பாக்கி. அம்மா வைக்கவில்லை. "நான் பொறந்தது இங்க, சமஞ்சது இங்க. அந்த ஊர்ல கெணறு எந்தப் பக்கம் இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதுங்க" என்றார். அதற்கு அப்பா, "எல்லாரும் போறாங்க புள்ள, நம்ம மட்டும் இங்க யாரு இருக்கான்னு இருக்குறது?" என்று கேட்டுவிட்டுப் பாரத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம் அது. வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் புறப்பட்டார், பங்களாச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார்கள். அதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பெரிய கிளாக்கர், டீமேக்கர், மலையில் எங்களை மேய்க்கும் "கண்டாக்கையா" போன்ற உத்தியோகத்தர்கள் பார்ப்பார்கள், அப்புறம் கங்காணிமார் பார்ப்பார்கள், கடைசியில் "ஆளுக" என்று சொல்லப்படும் நாங்கள் போய்க் கால் ஒடிந்த நாற்காலியையும் விளிம்பு போன கோப்பையையும் பொறுக்கிக்கொள்ளலாம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனாலும் யாரும் மீறியதில்லை. கொழுந்து எடுத்துவிட்டு இடுப்பில் கட்டிய "படங்கு" சாக்கோடு நேரே வந்த எங்கள் அம்மா, வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலுமாரிகள் நின்ற பக்கம் நடந்தார். கண்ணாடி பதித்தது, பூ வேலை செய்தது என்று அழகழகாக நான்கைந்து நின்றன. அம்மா அழகைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றிலும் தோளைக் கொடுத்துத் தள்ளினார், அசைந்ததை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். கடைசியில் நின்ற தேக்கு அலுமாரி அசையவே இல்லை. அதன் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இன்னும் ஐயாமாரே பாக்கல. ஒனக்கு எதுக்கு அலுமாரி? வைக்கக் காம்பராவுல எடம் இருக்கா?" என்று கண்டாக்கையா சீறினார்.

"அளந்துட்டுத்தாங்கையா வந்தேன். போறவரு விக்கிறாரு, இருக்குறவ வாங்குறேன். இதுல என்னாங்க தப்பு?"

துரைக்குச் சாமான் ஒழிந்தால் போதும் போலிருந்தது, தலையை ஆட்டிவிட்டார். சீட்டுப் பிடித்த காசு அதோடு போயிற்று.

எட்டுப் பேர் கம்பு கட்டித் தூக்கி வந்து லயத்தில் இறக்கிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. அம்மா படங்கைப் பிடித்துச் சுவரை அளந்திருந்தார், வாசலை அளக்கவில்லை. குனிந்து போகிற வாசல் எங்களுடையது, ஆணி தெரியாமல் இணைத்துச் செய்த அலுமாரியையோ கழற்ற வழியில்லை. லயமே சிரித்தது. "திருப்பிக் குடுத்துரு" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா இடுப்பில் கைவைத்துக் கூரையைப் பார்த்தார். லயத்தின் பின்பக்கம் மலையை வெட்டிய மேடு, கூரை உயரத்துக்கு இருக்கும். பக்கத்துக் காம்பரா மாரியப்பன் மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இரண்டு தகரத்தைக் கழற்றினார்கள், அலுமாரியை மேட்டுக்கு ஏற்றினார்கள், கயிறு கட்டி மெல்ல உள்ளே இறக்கினார்கள். தகரத்தைத் திரும்பப் போட்டதும் வீட்டுக்குள் பாதி இருட்டாகிவிட்டது.

மறுநாள் கண்டாக்கையா வந்தார். கேட்காமல் தோட்டத்துக் கூரையில் கை வைத்தது குற்றம், அலுமாரியைப் பெரிய கிளாக்கர் வீட்டில் கொண்டுபோய் வைக்கவேண்டும் என்றார். அம்மா வாசலை விட்டு நகரவில்லை.

"எடுத்துக்குங்கையா. வாசல் வழியா வராது, கூரையப் பிரிக்கணும். பிரிச்சா மூடிக் குடுக்கணும். மூடுறப்போ ஒழுகுற மத்தத் தகரத்தையும் மாத்திருங்க, நாலு வருசமா ஆபீஸ்ல சொல்லிக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நாலு பேரு இங்க வாங்கடா" என்று அவர் கத்தினார். முந்தின நாள் தூக்கிய எட்டுப் பேரும் அங்கேதான் நின்றார்கள், ஒருவரும் அசையவில்லை. அவர் இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வேலைப் பதிவில் அம்மாவுக்கு ஒரு கிழமை "பேர்" வெட்டினார். அந்தக் கிழமை முழுவதும் வேலையில்லாமல் அம்மா வீட்டில் இருந்து அலுமாரியைத் துடைத்தார், அக்கம்பக்கத்தார் கொடுத்த ரொட்டியைத் தின்றோம்.

எனக்கு அந்த அலுமாரி மேல் பொல்லாத கோபம். ரெஜினாவுக்கும் எனக்கும் நடுவே அது வந்து நின்றுகொண்டது போலிருந்தது. ஒருநாள் ஓங்கி உதைத்துவிட்டேன், கால் நகம் பெயர்ந்துவிட்டது. "ஒதைடி, நல்லா ஒதை. அது போகாது" என்றார் அம்மா. பிறகு மாரியப்பன் மாமாவின் பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "தூக்கிட்டுப் போக முடியாத சாமான் ஒன்னு வேணும்னுதாங்க பாத்தேன். பெட்டி இருந்தா மனுசன் கட்டிக்கிட்டே இருப்பாரு."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த அப்பா, அலுமாரியின் கதவைத் திறந்தார். பிறகு கோட்டைக் கழற்றி அதற்குள் மாட்டினார். சட்டைப்பையிலிருந்து பாரத்தை எடுத்து, "இத எங்க வைக்க?" என்று கேட்டார்.

"அடுப்புல வைங்க."

வைத்தார். நான் அழுதேன். போனவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அவர்களில் பலரிடம் போவதா இருப்பதா என்று கேட்கவே ஆளில்லை. பிற்பாடு தமிழர்களை அடித்து விரட்டிய கலவரம் வந்தபோது நாங்களும் தேயிலைக்குள் ஓடி ஒளிந்தோம், திரும்பி வந்து பார்த்தால் பெட்டியைக் காணோம், அலுமாரியின் கதவில் கோடரி வெட்டு ஒன்று. அம்மா அதில் அந்தோணியார் படத்தை ஒட்டிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். அன்று என் கோபம் ஒழிந்தது. இன்றுவரை அவரை நினைத்தால் பெருமைதான் வருகிறது.

நுவரெலியாக் கடையில் இருந்ததிலேயே கனமானதை வாங்கி வந்துவிட்டேன். இப்போது அப்பாவும் இல்லை அம்மாவும் இல்லை, மாரியப்பன் மாமாவின் காம்பரா பூட்டிக் கிடக்கிறது, லயத்தில் தேடினாலும் ஒரு ட்ரங்குப்பெட்டி கிடைக்காது. துரை பங்களா ஹோட்டலாகிவிட்டது. என் தம்பி எட்வின் இன்னும் அதே காம்பராவில்தான் குடியிருக்கிறான். நாலு தலைமுறை வாழ்ந்த அந்தக் காம்பரா இன்றுவரை எங்கள் பெயரில் இல்லை, தோட்டத்துக் கணக்கில்தான் இருக்கிறது.

போன கிழமை அவன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அக்கா, பங்களா ஹோட்டல்ல இருந்து வந்தாங்க. அலுமாரி பழைய காலத்துச் சாமானாம், அது இருந்த எடத்துலயே கொண்டுபோயி வைக்கணுமாம். நல்ல வெல தர்றாங்களாம். என்னா சொல்ல?"

"காம்பராவுக்கு நம்ம பேர்ல காணி உறுதி எழுதிக் குடுத்துட்டு வாங்க, பொறகு அலுமாரியப் பத்திப் பேசுவோம்னு சொல்லு."

"அது ஹோட்டல்காரங்க கையில இல்லியேக்கா."

"தெரியும்டா. நீ சொல்லு."